மார்கழியில் பூக்காத அவரை

எந்த மாசத்தில் எந்தச் செடி பூக்கும் என்று நாராயணசாமிக்குத் தெரியாது. நாக்பூர் தாண்டினால் எந்த வளைவில் சூடான டீ கிடைக்கும் என்று தெரியும். முப்பது வருஷத்துக்கு மேல் லாரி ஓட்டியவர். சின்னசேலம் பக்கத்து ஆலைகளில் ஜவ்வரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு மகாராஷ்டிரம் போவார். திரும்பும்போது வெங்காயமோ பருப்போ ஏற்றி வருவார். நடுவில் வடக்கனந்தலில் அவருக்கு ஒரு வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் இருந்தது. வீடு அவர் சம்பாதித்துக் கட்டியது. தோட்டம் அவர் மனைவி விஜயலட்சுமி போட்டது. வந்த வேகத்தில் குளித்துச் சாப்பிட்டுத் தூங்கிப் போகிற ஆளுக்குத் தோட்டத்தில் என்ன வேலை?

போன வருஷம் கண்ணில் புரை விழுந்தது. ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். அவர் வந்து சேர்ந்த நேரம், விஜயலட்சுமி கிளம்ப வேண்டியதாகிவிட்டது. மகன் சிவசங்கர் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து, மருமகள் மலர்விழிக்குப் பிரசவ லீவு முடிந்துவிட்டது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். அப்பாவைப் பெற்ற ஆயாவை விட்டால் வேறு யார்?

ஆயுத பூஜை முடிந்த மறுநாள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஜன்னல் வழியாக அவள் சொன்னதெல்லாம் தோட்டத்தைப் பற்றித்தான்.

"சோறாக்க உங்களுக்குத் தெரியும். லாரியில ஆக்கித் தின்னவருதான. தோட்டந்தான் தெரியாது. தெனம் சாயங்காலம் போன் பண்றேன். சொல்றதச் செய்ங்க. சொல்லாதத எதுவும் செஞ்சு வெக்காதீங்க."

"சரி, சரி."

"ஆடியில போட்ட அவரை பந்தல் ஏறிடுச்சு. பனி வுழுந்தா பூ எடுக்கும். அத மட்டும் பாத்துக்குங்க."

பஸ் கிளம்பியது. நாராயணசாமி கைகாட்டவில்லை. எப்போதும் ஜன்னலுக்கு உள்ளே இருந்து போகிறவராகவே இருந்தவர் அவர். வெளியே நிற்பவர்கள் கையை என்ன செய்வார்கள் என்று அவருக்குப் புரியவில்லை.

சொன்னதையெல்லாம் செய்தார். ஐப்பசி மழையில் பாத்திகளில் தண்ணீர் நிற்காமல் வாய்க்கால் வெட்டிவிட்டார். மழை ஓய்ந்ததும் மண்ணை மேடாக அணைத்து முள்ளங்கி விதைத்தார். கொத்தமல்லி விதையைச் செருப்புக் காலால் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் தூவ வேண்டும் என்று அவள் சொன்னபோது நம்பவில்லை. ஆனாலும் தேய்த்துத் தூவினார். அது முளைத்தது. தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டினார். வேலியோரம் டிசம்பர் பூச்செடிகளைச் சுற்றிக் கிளறி மக்கிய எருவைப் போட்டார். பனிக்காலத்தில் சாயங்காலம் தண்ணீர் ஊற்றக் கூடாது, ராத்திரி முழுக்க ஈரம் நின்று வேர் அழுகும், வெயில் ஏறின பிறகுதான் ஊற்ற வேண்டும் என்றாள். அதையும் கேட்டார்.

காலையில் எழுந்ததும் அவர் தோட்டத்தைச் சுற்றிவருவது, கிளம்புவதற்கு முன்னால் லாரியைச் சுற்றிவருவது மாதிரியே இருக்கும். ஒவ்வொரு செடியிடமும் நிற்பார். குனிந்து அடியைப் பார்ப்பார். பூசணிக்காயை டயரைத் தட்டுவது போல இரண்டு தட்டு தட்டிவிட்டு நகர்வார்.

சொல்லாததும் ஒன்று செய்தார். அதுதான் லைட்.

பகலெல்லாம் எப்படியோ ஓடிவிடும். சூரியன் கல்வராயன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டால் வீடு தாங்காது. லாரிக்காரர் இருட்டுக்குப் பயப்படுவாரா என்று கேட்கலாம். லாரிக்காரருக்கு இருட்டு பழக்கமே இல்லை என்பதுதான் உண்மை. அவர் கண்ட இரவெல்லாம் முன்னால் ஹெட்லைட், எதிரே ஹெட்லைட், நிறுத்தினால் தாபா விளக்கு. பக்கத்து வண்டியின் இன்ஜின் சத்தத்தில்தான் அவருக்குத் தூக்கமே வரும். இந்த வீட்டில் பொழுது போனால் சத்தமில்லை, வெளிச்சமில்லை, பேச ஆளில்லை. பாத்திரம் கழுவும்போது ஸ்பூன் கீழே விழுந்தால்கூட யாரோ வந்துவிட்டதாகத் திரும்பிப் பார்ப்பார்.

தீபாவளி முடிந்ததும் கச்சிராயபாளையம் போய் ஒரு போகஸ் லைட் வாங்கி வந்தார். பின்கதவுக்கு மேலே சுவரில் தோட்டத்தைப் பார்க்க மாட்டினார். பொழுது சாயும்போது போட்டால் விடிந்துதான் அணைப்பார். தோட்டம் முழுக்கப் பகல் மாதிரி இருந்தது. திறந்த ஜன்னல் வழியாக அந்த வெளிச்சம் கட்டில்வரை வந்து விழும். அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிவிடுவார்.

பக்கத்து வீட்டுப் பச்சையம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். "இன்னாண்ணே, கல்யாணம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா? சீரியல் செட்டு மட்டுந்தான் பாக்கி."

"பாம்பு வருது பச்சையம்மா. அதான்."

"நான் வந்த நாளா இந்த வேலியில பாம்பப் பாத்ததில்ல. நீங்க வந்தப்புறம் வருதா? பாம்புக்கும் உங்கள வுட்டா ஆளில்ல போலக்குது."

கார்த்திகை வந்தது. காலையில் மலை தெரியாத அளவுக்குப் பனி இறங்கியது. பச்சையம்மாள் வீட்டு அவரை வேலிமேல் ஊதாவாகப் பூத்தது. எதிர்வீட்டுக் கூரைமேல் ஏறியிருந்ததும் பூத்தது. நாராயணசாமியின் பந்தலில் இலைதான் இருந்தது. பெரிய பெரிய இலை, கரும்பச்சை இலை. கொடி பந்தலைத் தாண்டித் தொங்கியது.

தீபத்தன்று சாயங்காலம் விஜயலட்சுமி போன் செய்தாள்.

"வெளக்கு வெச்சீங்களா?"

"வெச்சேன்."

"அவரை பூ எடுத்துச்சா?"

இன்னும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அவளே பேசினாள். "இங்க பால்கனியில நின்னா எதிர் வூட்டு பால்கனிதான் தெரியுது. அந்த வூட்டுக்காரி என்னப் பாத்தா கதவச் சாத்திக்கினு போயிடறா. பூவப் பாக்கத்தான் முடியல, கேக்கவாச்சும் கேப்போம்னு கேக்கறேன்."

"பூவா? பந்தலே தெரியல. அவ்ளோ பூ" என்றார் நாராயணசாமி.

எப்படி வாயில் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் குரல் மாறியது. "நெசமாவா! அப்ப பொங்கலுக்குக் காய் எறங்கிடும். இந்தப் பொங்கல் இங்கயே வெச்சிக்கலாம்னு சிவா சொல்லிக்கினு இருக்கான். லீவு கம்மியாம். அவரை வீணாப் போவுதுடான்னு சொல்லிட்டு நான் மட்டும் வந்துடறேன். சும்மா போறேன்னா வுட மாட்டான். ஒரு காரணம் வேணுமில்ல?"

போனை வைத்த பிறகும் நாராயணசாமி அதே இடத்தில் நின்றார். 'வா' என்று அவர் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'எப்ப வருவீங்க' என்று கேட்பது எப்போதும் அவள் வேலை. பார்க்கலாம் என்று சொல்வது அவர் வேலை. இப்போது அவள் வருகிறேன் என்கிறாள். அதற்கு அவரை பூத்தாக வேண்டும். பொங்கலுக்குள் காய்த்தாக வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

மறுநாள் விடிந்ததும் பச்சையம்மாளிடம் போனார்.

"எரு ஜாஸ்தி ஆயிடுச்சுண்ணே. அதான் எலையாக் கொட்டுது. நுனியக் கிள்ளி வுடுங்க" என்றாள். கிள்ளினார். கிள்ளின இடத்தில் இரண்டு நுனி கிளம்பி இலை இரட்டிப்பானது.

"தண்ணிய நிறுத்துங்க. வாடினாத்தான் பயம் வரும்." நிறுத்தினார். இலை பழுத்தது. பூ வரவில்லை.

"அப்ப தொடப்பத்தால நாலு சாத்து சாத்துங்க. எங்கூட்டு முருங்கய அப்படித்தான் காய்க்க வெச்சேன்."

விடிகாலைப் பனியில் ஸ்வெட்டரும் மப்ளருமாக நாராயணசாமி துடைப்பத்தோடு பந்தலடியில் நின்றார். மெதுவாக இரண்டு அடி அடித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அடிக்கச் சொன்னா தடவிக் குடுக்கறீங்களே. இப்படி அடிச்சா அது எப்படிப் பூக்கும்? நல்லா நாலு கெட்ட வார்த்த சொல்லி அடிங்க. லாரி ஓட்டனவருக்கு அதுகூடவா தெரியாது?"

அவருக்குத் தெரிந்த வார்த்தைகளுக்குக் குறைவில்லை. ஆனால் விஜயலட்சுமி விதை போட்ட செடியைப் பார்த்து அவற்றைச் சொல்ல நாக்கு வரவில்லை.

அன்றைக்குத்தான் ஒன்று கண்ணில் பட்டது. பந்தலின் கோடியில், குளியலறைச் சுவருக்குப் பின்னால் தொங்கிய கொடியில் மட்டும் நான்கைந்து பூங்கொத்து இருந்தது. ஓடிப்போய் பச்சையம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சோப்புத் தண்ணி போற எடம் பாருங்க. அதக் குடிச்சுட்டுப் பூத்திருக்குது" என்றாள் அவள்.

அதற்கப்புறம் தினமும் குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் வாளியில் பிடித்துப் பந்தலடி முழுக்க ஊற்றினார். தோட்டம் சலவைக் கடை மாதிரி மணத்தது. அவரை அசையவில்லை. இதற்கு நடுவில் விஜயலட்சுமி பூவைப் போனில் காட்டச் சொல்லிவிட்டாள். மகன் வாங்கிக் கொடுத்த நல்ல போன்தான்.

"கேமராவுல தண்ணி பூந்துடுச்சு" என்றார்.

"தண்ணி எப்படிப் பூந்துச்சு?"

"பனி."

மார்கழி பிறந்தது. அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கரியாலூரில் அம்மாசி இருக்கிறான். அவரோடு வருஷக்கணக்கில் கிளீனராக வந்தவன். இப்போது மலைமேல் சொந்த ஊரில் டீக்கடை போட்டிருக்கிறான். மலையில் அவரை நன்றாகக் காய்க்கும். பொங்கலுக்கு முன்னால் ஒரு பை நிறைய வாங்கி வந்துவிட்டால், நம் பந்தலில் காய்த்தது, முந்தாநாள்தான் பறித்தேன் என்று சொல்லிவிடலாம்.

பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தார். கோமுகி அணை தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவர் வலதுகால் தானாகத் தரையை மிதித்தது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பெரியவரே, நீங்க மிதிக்கறீங்களா, நான் மிதிக்கட்டுமா?"

கரியாலூரில் இறங்கியபோது உச்சிவேளையிலும் குளிர்ந்தது. விஷயத்தைக் கேட்டு அம்மாசி டீயைக் கீழே கொட்டும் அளவுக்குச் சிரித்தான்.

"பையில குடுத்தா நம்புவாங்களா அண்ணே? ஒவ்வொண்ணா நூல்ல கட்டி பந்தல்ல தொங்கவுடு. பச்ச நூலாப் பாத்து வாங்கு."

"சிரிக்காதடா. இருக்குதா இல்லியா?"

"இருக்குது. ஆனா நம்பிளுதும் இந்த வருசம் பாதிதான். தோ பாரு."

கடைக்குப் பக்கத்தில் ஒரு பந்தல். அதன் பின்பாதி பூவும் பிஞ்சுமாக ஊதா நிறத்தில் இருந்தது. ரோட்டுப் பக்கத்து முன்பாதி வெறும் பச்சை. நடுவில் கோடு கிழித்தது போலப் பிரிந்திருந்தது.

"இந்தப் பக்கம் மண்ணு சரியில்ல. பழைய கல்லு கொட்டின எடம்" என்றான் அம்மாசி.

நாராயணசாமி பந்தலை அண்ணாந்து பார்த்தார். ரோட்டோரம் ஒரு கரண்ட் கம்பம். அதன் தலையில் புதிதாக மாட்டிய வெள்ளை லைட். இங்கே அவருக்குத் தோட்டக்காரன் கண் தேவைப்படவில்லை. டிரைவர் கண் போதும். ஒரு லைட் எங்கே விழும், எது மறைக்கும், எங்கே வெளிச்சம் முடிந்து இருட்டு தொடங்கும் என்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் இத்தனை வருஷம் உயிரோடு வீடு வந்து சேர்ந்தார். கம்பத்திலிருந்து வெளிச்சம் இறங்கி வரும் வழியைக் கண்ணால் கோடு போட்டார். கடையின் தகரக் கூரை ஓரத்தில் அந்தக் கோடு முட்டியது. அதற்கு அந்தப் பக்கம் நிழல். நிழல் விழும் இடத்தில் பூ. வெளிச்சம் விழும் இடத்தில் இலை.

"அம்மாசி, இந்த லைட்டு எப்ப போட்டாங்க?"

"மழைக்கு முன்னாடி. ஏன்?"

குளியலறைச் சுவர் அவர் கண்முன்னால் வந்து நின்றது. சோப்புத் தண்ணீர் இல்லை. அவருடைய போகஸ் லைட்டை அந்தச் சுவர் மறைக்கிறது. அந்த நிழலில் இருந்த கொடி மட்டும் பூத்திருக்கிறது.

"பனியில பூக்கும்னாளே" என்று முனகினார். பனி எல்லா இடத்திலும்தான் விழுகிறது. நீள இருட்டுதான் எல்லா இடத்திலும் இல்லை.

அவரைக்காய் வாங்காமலே பஸ் ஏறினார். கீழே இறங்கும் வழியெல்லாம் வேறொன்று ஞாபகம் வந்துகொண்டிருந்தது. அந்த நாளில் மெயின் ரோட்டில் லாரியை நிறுத்திவிட்டு வீட்டுக்கு நடந்து வருவார். பனிக்காலத்தில் எப்போது வந்தாலும் வீடு இருட்டாகவே இருக்கும். பின்பக்கம் ஒரு பல்புகூட எரியாது. இருட்டில் கால் இடறி எத்தனையோ தடவை கத்தியிருக்கிறார். "ஆம்பள வர்ற வூடு. ஒரு லைட்டு போட்டு வெக்கக் கூடாதா? கரண்டு பில்லு நீயா கட்டற?" அவள் கதவைத் திறந்துகொண்டே மெதுவாகச் சொல்வாள். "அவரை தூங்குதுங்க." அதை அவர் விளையாட்டுப் பேச்சு என்று நினைத்தார். தூக்கக் கலக்கத்தில் உளறுகிறாள் என்றும் நினைத்ததுண்டு. ஆனால் அவள் ஒருநாளும் தூங்கிக் கொண்டிருந்ததில்லை. அவர் தட்டுவதற்கு முன்பே கதவு திறந்துவிடும்.

அன்று சாயங்காலம் அவர் லைட்டைப் போடவில்லை.

பொழுது இறங்கியது. முதலில் வேலி மறைந்தது. பிறகு முள்ளங்கிப் பாத்தி. பிறகு பந்தல். மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் போனது. பின்வாசல் படியில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். கை ஒருமுறை தானாக ஸ்விட்சுக்குப் போனது. எழுந்து உள்ளே போய் வயரையே பிடுங்கி வைத்துவிட்டு வந்தார்.

அந்த மார்கழி அவருக்கு நீளமாக இருந்தது. விடிகாலையில் பச்சையம்மாள் கோலத்துக்குப் பூசணிப்பூ பறிக்க வருவாள். அது ஒன்றுதான் மனிதக் குரல். "பாம்பெல்லாம் போயிடுச்சாண்ணே?" என்பாள். "போயிடுச்சு" என்பார். அவள் போனதும் அடுப்புச் சாம்பலைச் சலித்து எடுத்துக்கொண்டு பந்தலுக்கு வருவார். இலையில் பனி ஈரம் இருக்கும்போதே தூவினால்தான் சாம்பல் ஒட்டும், அசுவினிப் பூச்சி அண்டாது என்று விஜயலட்சுமி சொல்லியிருந்தாள். தூவிக்கொண்டே ஒவ்வொரு கணுவையும் பிரித்துப் பார்ப்பார். இலை. அடுத்ததும் இலை. வெயில் ஏறும்வரை பார்ப்பார். பிறகு சோறாக்குவார். பிறகு சாயங்காலம் வரும்.

பொங்கல் நெருங்கிய நேரத்தில் ஒருநாள் விடிகாலை, ஒரு கணுவில் இலை இல்லை. மெல்லிய காம்பில் மிளகு மிளகாக அரும்பு. கையில் இருந்த சாம்பல் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டார். அடுத்த கணுவிலும் இருந்தது. அதற்கு அடுத்ததிலும். சந்தோஷத்தில் முதலில் மனசு துள்ளியது. அதன் பின்னாலேயே கணக்கு வந்தது. அரும்பு பூவாகி, பூ பிஞ்சாகி, பிஞ்சு காயாகப் பொங்கல் காத்திருக்காது.

அன்று சாயங்காலமே அவள் போன் வந்தது. "பை எடுத்து வெச்சுட்டேன். டிக்கெட் போடறேன்னு சிவா சொல்லிட்டான். காயப் பறிச்சுடாதீங்க. நான் வந்து பறிக்கறேன்."

இப்போதும் அம்மாசியிடம் காய் வாங்கிவிடலாம். ஒரு பை போதும். நாராயணசாமி இருட்டில் பந்தல் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"விஜி, காய் இல்ல."

"பறிச்சுட்டீங்களா?"

"காய்க்கவே இல்ல. பூவே இல்ல. இன்னிக்குத்தான் அரும்பு கட்டியிருக்குது. தீபத்தன்னிக்கு சொன்னது பொய்."

அந்தப் பக்கம் குழந்தையின் கிலுகிலுப்பைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் கேட்டாள். "ஏன் பூக்கல? நான் போட்ட வெத பூக்காம இருக்காதே."

"லைட்டு."

"இன்னா லைட்டு?"

சொன்னார். வாங்கியதையும் மாட்டியதையும் விடியவிடிய எரித்ததையும் சொன்னார்.

"அவரைக்கு ராத்திரியில லைட்டு ஆவாதுன்னு எத்தினி வாட்டி சொல்லியிருக்கேன்!"

"நீ தமாசு பண்றேன்னு நெனச்சேன்."

"தமாசு பண்ற நேரத்துலயா நீங்க வூட்டுக்கு வந்தீங்க?"

அவர் போனை அடுத்த காதுக்கு மாற்றினார்.

"இன்னாத்துக்குப் போட்டீங்க அந்த லைட்ட? பாம்புக்கா?"

"இல்ல. இருட்டுல தனியா இருக்க முடியல."

அவள் கோபித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார். சிரிப்பாள் என்றும் எதிர்பார்த்தார். இரண்டும் இல்லை.

"எனக்கும் பழகறதுக்கு ரொம்ப வருசம் ஆச்சு."

குழந்தை அழத் தொடங்கியது. "வெச்சுடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மறுநாள் சிவசங்கர் பேசினான். "அப்பா, அங்க காய் ஒண்ணும் இல்லியாமே. அம்மா இங்கயே இருக்கட்டுமா? மலருக்குப் பொங்கலன்னிக்கும் ஷிப்ட் போட்டுட்டாங்க. பாப்பாவப் பாக்க ஆளில்ல. நீங்களும் இங்க வந்துடுங்களேன்."

வருகிறேன் என்று சொல்லத்தான் நினைத்தார். பின்னாலிருந்து விஜயலட்சுமியின் குரல் கேட்டது. "அரும்பு நேரத்துல அசுவினி வுழும்டா. வுட்டுட்டு வந்தா எல்லாம் கருகிப் போயிடும். அவர இருக்கச் சொல்லு."

அவர் இருந்தார். அவளைக் குழந்தை கட்டிப் போட்டிருந்தது. அவரை அவளுடைய அவரை கட்டிப் போட்டிருந்தது.

பொங்கலன்று தனியாகப் பானை வைத்தார். பொங்கும்போது கத்துவதற்கு வெட்கமாக இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் பச்சையம்மாள் வீட்டில் எல்லோரும் கத்தியபோது, அந்தச் சத்தத்தோடு சேர்த்து அவரும் மெதுவாகப் "பொங்கலோ பொங்கல்" என்றார். படையலில் அவரைக்காய் வைக்கிற இடத்தில் அன்று காலை விரிந்திருந்த ஒரு பூங்கொத்தை வைத்தார்.

தை பாதியில் பந்தல் மொத்தமும் பூத்தது. இலை தெரியவில்லை. கார்த்திகையில் அவர் பொய்யாகச் சொன்னது தையில் அப்படியே உண்மையாகிவிட்டது. சாயங்காலம் அவளிடம் சொன்னார்.

"பந்தலே தெரியல. அவ்ளோ பூ."

"இதத்தான் அப்பவும் சொன்னீங்க" என்றாள் அவள்.

அடுத்த நாள் விடிகாலையில் பனிக்குள் நின்று, பந்தலின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாக நடந்து வீடியோ எடுத்து அனுப்பினார். தேனீச் சத்தம்கூட அதில் கேட்டது. உடனே போன் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். "கேமராவுல பூந்த தண்ணி வத்திடுச்சா?"

அவரும் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நாளாகியிருந்தது.

"எப்ப வருவ?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் அது யாருடைய கேள்வி என்று உறைத்தது.

"பாப்பாவுக்குப் பல்லு மொளைக்குது. ஜொரம் வந்து வந்து போவுது. பாக்கறேன். காய் முத்தறதுக்குள்ள பாக்கறேன். வர முடியாட்டி கதவோரக் கொடிய மட்டும் பறிக்காதீங்க. வெதைக்கு வுட்டுடுங்க. ஆடிக்கு வேணும்."

காய் வந்தது. பந்தலின் மற்றப் பக்கமெல்லாம் பறித்துப் பச்சையம்மாளுக்குக் கொடுத்தார். எதிர்வீட்டுக்குக் கொடுத்தார். தானும் பொரியல் செய்து சாப்பிட்டார். பின்கதவை ஒட்டிய கொடியில் கை வைக்கவில்லை. அங்கே காய்கள் பச்சையாகத் தடித்தன. ஓரம் வெளுத்தன. மாசி வெயிலில் உள்ளே விதை புடைத்துக்கொண்டு தோல் மஞ்சளானது. போன் தினமும் வந்தது. பாப்பாவுக்கு இரண்டாவது பல்லும் வந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் வழக்கம் போலப் படியில் உட்கார்ந்திருந்தார். சுவரில் லைட் இருந்தது. அதற்கு வயர் இல்லை. தோட்டம் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அது பழகியிருந்தது. பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. மெயின் ரோட்டில் ஒரு லாரி வேகம் குறைந்து, ஏர் பிரேக் சீறி நின்றது. ஒரு கதவு அறைந்து சாத்தும் சத்தம் வந்தது.

நாராயணசாமி எழுந்து நின்றிருந்தார். எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. கை கதவில் இருந்தது.

லாரி மறுபடியும் கிளம்பி மலைப்பக்கம் போனது. சத்தம் தேய்ந்து முடியும்வரை அப்படியே நின்று கேட்டார். பிறகு உட்கார்ந்தார். இருட்டில் கையை நீட்டிக் கதவோரக் கொடியைத் தொட்டார். காய்ந்த காய் ஒன்று விரலில் பட்டு, உள்ளே விதை கலகலத்தது.